குரவைக்கு வேண்டிய மூச்சு

எங்கள் பெரியகல்லாற்றில் என் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "குரவை போடுற மனிசிட வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், கடையில் நிற்பவர் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து காட்டுவார். பெருமைதான். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

குரவை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாக்கை வாய்க்குள் வேகமாகப் புரட்டி, ஒரே மூச்சில், உச்சக் குரலில் பெண்கள் எழுப்பும் ஒலி அது. எழுத்தில் 'உலுலுலு' என்று போட்டால் பால்குடிப் பிள்ளையின் விளையாட்டு மாதிரி இருக்கும். நேரில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். எங்கள் பக்கத்தில் தாலி ஏறும்போதும், கோயிலில் அம்மனுக்குத் திரை விலகும்போதும், பிள்ளை பிறந்த செய்தி வரும்போதும் குரவை போட்டாக வேண்டும். கூடியிருக்கும் பெண்கள் எல்லாருமே போடுவார்கள். ஆனால் முதலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் மூச்சு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் மற்றவர்களும் போவார்கள். எங்கள் தெருவில் அந்த ஒருத்தி நான்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் தங்கச்சிக்கு ஒரே ஒரு மகள். அவள் பிறந்த செய்தியை ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்துச் சொன்னார்கள். நான் நின்ற இடத்திலேயே ஒரு குரவையை எடுத்துவிட்டேன். வார்டில் இருந்த மற்றக் குழந்தைகள் எல்லாம் வீரிட்டு அழத் தொடங்கின. தாதி ஓடி வந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரியா கோயிலா?" என்று என்னை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டாள். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே மகள் வளர்ந்தாள்; தங்கச்சியின் பிள்ளை எனக்கும் மகள்தான். கலியாணம் பேசி முடித்த அன்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள், "பெரியம்மாட குரவை கேட்டாத்தான் நான் தாலிக்குத் தலை குனிவன். இல்லாட்டி மாப்பிள்ள நிண்டுகொண்டே இரிக்க வேண்டியதுதான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு எப்படியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பெற்றவளுக்குச் செய்ய எத்தனையோ முறை இருக்கிறது. பெரியம்மாவுக்கு அந்த ஒரு மூச்சுத்தான்.

கலியாணம் மாசிக் கடைசியில். பொங்கல் முடிந்து மழை விட்டதும் ஊருக்குள் ஒரு காய்ச்சல் இறங்கியது. வைரஸ் என்றார்கள். வீட்டுக்கு வீடு இருமல். எனக்கும் வந்தது, படுத்தேன், காய்ச்சல் விட்டது. ஆனால் இருமல் விடவில்லை. கொஞ்சம் எழும்பி நடமாடத் தொடங்கிய அன்று, குசினிக்குள் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு குரவை எடுத்துப் பார்த்தேன். தொடங்கிய இடத்திலேயே அறுந்தது. பிறகு வந்த இருமலில் கண்ணால் தண்ணீர் ஓடியது. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் புருஷன் எட்டிப் பார்த்தார்.

"என்ன, சேவல் ஏதும் கிணத்துக்குள்ள விழுந்திற்றா?"

அந்த மனுஷன் நாள் முழுக்கப் பேசுவது நாலு வார்த்தை. அதில் ஒன்று இப்படித்தான் இருக்கும். அகப்பையை எடுத்தேன், அவர் வலையோடு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

ஆனால் வேலிக்கு அப்பால் இருந்த தங்கச்சியின் காதிலும் அது விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண் பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆண்கள்தான் வேறு ஊரிலிருந்து மாப்பிள்ளையாக வந்து ஏறுவார்கள். அம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து எனக்கும் அவளுக்கும் தந்தார்கள். நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. வேலியில் ஒரு கடப்பு, ஓர் ஆள் கறிச்சட்டியோடு நுழையும் அகலம். அந்தக் கடப்பால் அவள் வந்தாள். இடுப்பில் கை. என்னைவிட இளையவள், ஆனால் கையை இடுப்பில் வைத்தால் எனக்கே மூத்தவள் ஆகிவிடுவாள்.

"இண்டையிலேருந்து பத்தியம். என்ட மகள்ட கலியாணத்துக்கு உன்ட குரவை வேணும். நான் சொல்றதுதான் நீ சாப்பிடோணும், விளங்கிச்சா?"

"என்னத்தத்தான் சாப்பிடலாம்?"

"என்னத்த சாப்பிடப்படாது எண்டு முதல்ல கேளு. இறால் கிரந்தி. கணவாய் கிரந்தி. கத்தரிக்காய் சொறி. முட்ட சூடு. தயிர் குளிர். வாழப்பழம் சளி. பருப்பு வாய்வு. கடல அதவிட வாய்வு."

"தண்ணி குடிக்கலாமா?"

"கொதிக்க வெச்சுக் குடி."

மிச்சமாகக் கிடந்தது அரிசிக் கஞ்சியும் மிளகு ரசமும், கொஞ்சம் முருங்கை இலையும்தான். அவளைக் குறை சொல்லக் கூடாது. விடிய எழும்பி இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டு அவித்துக் கடப்பால் கொண்டு வந்து தருவாள். சூட்டோடு குடித்தால் தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. இருமலும் மெல்ல மெல்லக் குறைந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் பத்தியத்தில் நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது. ரசத்தில் மிளகைக் கூட்டினாள். கஞ்சியில் அரிசியைக் குறைத்தாள்.

அந்த நாட்களில்தானா ஆற்றில் இறால் அப்படிப் படவேண்டும்! வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏறி, என் புருஷனின் வலையில் ஒவ்வொரு விடியற்காலையும் இறால் துள்ளியது. வாசலில் கொண்டுவந்து கொட்டுவார். தங்கச்சி வந்து, நான் ஒரு தலையைக்கூட எடுக்க முதல், மொத்தத்தையும் வாரிக்கொண்டு கடப்பால் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தேங்காய்ப் பாலில் இறால் கொதிக்கிற மணம் வரும். நான் இங்கே குந்தியிருந்து ரசம் குடிப்பேன். கடவுளே, அந்த ரசம்! இப்போது யாராவது மிளகு ரசம் என்று சொன்னாலே எழும்பிப் போய்விடுவேன்.

இருமல் குறைந்ததே தவிர மூச்சு வரவில்லை. நான் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். கால் மிதி மெஷின். கலியாணப் பெண்ணின் கூறைச் சேலைக்குச் சட்டை என் கையால்தான் என்று சொல்லியிருந்தேன். மெஷினில் குந்தினால் கொஞ்ச நேரத்தில் கால் நடுங்கும். கிணற்றடிக்குப் போய் வந்தால் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் சட்டையே எனக்குத் தொளதொளவென்று கிடந்தது. குரவை எடுத்தால் முன்னைவிடக் குறைவாகத்தான் போனது. நெஞ்சு கெட்டுப்போய்விட்டது, இனி இந்த மூச்சு திரும்பாது என்று எனக்குள்ளே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தேன்.

சொல்லாமலே என் புருஷனுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு காலையில் வலையைத் தொடாமல் ஓட்டோவைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினார். "ஏறு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன டொக்டர் பிள்ளை. விரலில் கிளிப் மாதிரி ஒன்றைக் கொழுவிப் பார்த்தது. முதுகில் குழாயை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னது. நெஞ்சைப் படமும் எடுத்துப் பார்த்தது.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு அம்மா. பயப்பட ஒண்டும் இல்ல. என்ன சாப்பிடுறீங்க?"

நான் பெருமையாக ஒப்புவித்தேன். கஞ்சி, ரசம், முருங்கை இலை, கொத்தமல்லித் தண்ணி. ஒரு நாளும் பத்தியம் முறிக்கவில்லை என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"காய்ச்சல் வந்த நாளிலேருந்து இதுதானா?"

"ஓம் பிள்ளை. வேற ஒண்டும் வாயில வெக்கல்ல."

"அம்மா, இந்த வருத்தத்த விரட்டுற சாப்பாடு எண்டு ஒண்டு இல்ல. அது உங்கட உடம்பே விரட்டிற்று. ஆனா விரட்டினதில உடம்பு இளைச்சுப் போச்சு. இனி அது எதை வெச்சு எழும்பும்? சதையெல்லாம் கரைஞ்சு கிடக்கு. மூச்சு விடவும் சதைதான் வேணும். முட்ட, மீன், பருப்பு, கடல, பழம், எல்லாம் சாப்பிடுங்க. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நடங்க. அந்தக் கொத்தமல்லித் தண்ணிய வேணுமெண்டாக் குடிங்க, தொண்டைக்கு நல்லம். ஆனா அது சாப்பாடு இல்ல."

"கலியாணத்துக்கு முதல் மூச்சு வருமா பிள்ளை?"

"யாருக்குக் கலியாணம்?" என்று கேட்டு அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. நான் குரவைக் கதையைச் சொன்னேன். "வரும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. சாப்பிட்டாத்தான் வரும்" என்றது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கடப்பால் போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் மணைக்கட்டைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர்மார் சொல்லுவாங்கதான். நாளைக்குக் கன்னிக்கால் நடுறம், தெரியும்தானே? நட்டா இந்த வளவுக்குள்ள மச்சம் இல்ல. முட்டையும் இல்ல. கலியாணம் முடியட்டும், மறுகா அந்தப் பிள்ள சொன்னதச் செய்வம்."

"அப்ப பருப்பாவது..."

"வாய்வு."

கலியாணப் பந்தலுக்கு முதல் கம்பு நடுவதுதான் கன்னிக்கால். அது நின்ற நேரம் தொடக்கம் கலியாணம் முடியும்வரை அந்த வளவில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் அடுப்பேறாது. எங்கள் இரண்டு வீடும் அம்மாவின் ஒரே வளவு. கடப்புத் திறந்தே கிடப்பதால் என் அடுப்பும் அவள் அடுப்பும் ஒன்றுதான். இந்த முறையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற வீடுகளில் கன்னிக்கால் நட்ட பிறகு கருவாட்டு மணம் வருகிறது என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஏசி வந்தவள் நான்தான்.

அடுத்த நாள் கன்னிக்கால். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய கம்பைக் குழிக்குள் இறக்கினார்கள். பெண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மூச்சை இழுத்து எடுத்தேன். ஒரு கீச்சுச் சத்தம் வந்தது, பிறகு காற்றுத்தான். மற்றவர்கள் அவசரமாக எடுத்து மூடிவிட்டார்கள். மூடாமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. மகள் கூட்டத்துக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. பரிதாபம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்தக் கிழமை சட்டைக்கு உள்துணி எடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா, இருக்கிறார். துணி விற்கிறவர். சொந்தம் ஒன்றும் இல்லை. துணி வாங்கப் போகப் போக வந்த பழக்கம் இப்போது சொந்தத்தைவிட மேல். நோன்பு மாதம். கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். என்னைக் கண்டதும் ராத்தா துணிக் கட்டைக் கீழே வைத்தார்.

"என்னகா புள்ள இது? காத்தடிச்சாப் பறந்திருவா போல இருக்கியே!"

கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ராத்தா என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போய் இருத்தினார். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சமைக்க வைத்திருந்த மீனில் இரண்டு துண்டு எடுத்தார். தேங்காய்ப் பால் விட்டு, வெந்தயம் போட்டு ஒரு பாலாணம் காய்ச்சினார். முட்டை அவித்தார். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார்.

"ஐயோ ராத்தா, நீங்க தண்ணி கூடக் குடிக்காம இருக்கக்குள்ள நான் எப்பிடித் தின்னுறது?"

"நோன்பு எனக்கா உனக்கா? வருத்தக்காரிக்கு எங்கட மார்க்கத்திலயும் நோன்பு கடமை இல்ல. நீ தின்னு. நான் பாத்துக்கிட்டு இருக்கன். பாத்தா நோன்பு முறியாது."

தின்றேன். வெட்கம் எல்லாம் முதல் கவளத்தோடு போய்விட்டது. ஆணத்தை வழித்துக் குடித்தேன். உப்புப் பார்க்காமலே காய்ச்சியிருக்கிறார், உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிரில் வறண்ட உதட்டோடு குந்தியிருந்த அந்த மனுஷி, "இன்னுங் கொஞ்சம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் என் உடம்பில் சூடு பரவுவதை நானே உணர்ந்தேன். அப்படிச் சந்தோஷமாக ஒரு பயணம் போய் வெகு காலமாகிவிட்டது.

வாசலில் தங்கச்சி நின்றாள். எனக்குப் பொய் வராது. சொல்ல நினைத்தால் காது சிவந்துவிடும்.

"எங்க சாப்பிட்ட?"

"ராத்தா வீட்ட."

"என்ன சாப்பிட்ட?"

"மீன். முட்ட. இன்னும் கேளு, ரெண்டு தரம் போட்டுத் திண்டனான்!"

ஏசுவாள் என்று காத்திருந்தேன். பதில் சொல்ல வாயில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். தொளதொளத்த சட்டைக் கையைப் பார்த்தாள். கடப்பால் திரும்பிப் போய்விட்டாள்.

காலையில் வேலிப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால், தங்கச்சியின் புருஷன் கடப்புக்குக் குறுக்கே இரண்டு கம்பு நட்டுக் கிடுகு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்! எங்கள் ஊரில் சகோதரிகளுக்கு இடையில் கடப்பை அடைத்தால் ஒரே ஓர் அர்த்தம்தான். இனி செத்த வீட்டுக்கும் வரவேண்டாம் என்பது அது.

"என்ன செய்றீங்க?"

அந்த அப்பாவி மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கட்டச் சொன்னா. கட்டுறன்."

கிடுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "இண்டையிலேருந்து அந்த வளவு வேற, இந்த வளவு வேற. கன்னிக்கால் நிக்கிறது இந்த வளவில. எல்லாருக்கும் கேக்கட்டும்!"

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு துண்டு மீனுக்காகக் கூடப்பிறந்தவளை வெட்டிப்போடுகிறாளே என்று கத்தினேன். உன் மகளின் கலியாண வாசலை மிதிக்கமாட்டேன் என்றும் சொன்னேன். பிறகு உள்ளே போய்ப் பாயில் விழுந்து அழுதேன். கத்தியதில் மூச்சு வாங்கியது, அதற்கும் சேர்த்து அழுதேன். மகள் பிறந்தபோது போட்ட குரவைக்குச் சோடியாக அவள் தாலிக்கு ஒரு குரவை போடாமலே நான் போய்ச் சேரப்போகிறேன் என்று நினைத்தேன்.

என் புருஷன் வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு ஷொப்பிங் பேக்.

"வேலிக் கம்பில கொழுவிக் கிடந்திச்சு. எங்கட பக்கம்."

உள்ளே முட்டைகள். இன்னும் சூடு ஆறவில்லை. ஒன்றில் சின்ன இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சியின் கோழிகள். கோழிக்குக் கன்னிக்கால் தெரியுமா என்ன, அதுகள் தங்கள் பாட்டில் இட்டுக்கொண்டே இருந்தன.

நான் விளங்காமல் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தால் புத்தி பின்னால்தான் ஆறுதலாக நடந்து வரும்.

"கன்னிக்கால் அந்த வளவிலதானே நிக்கிது" என்றார் அவர். "இது இப்ப வேற வளவு." சொல்லிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

அந்த முட்டையை நான் அழுதுகொண்டே தின்றேன். உப்புத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வேலிக் கம்பில் பை தொங்கியது. நான் எடுத்துக்கொண்டு வெறும் பையைத் திரும்பக் கொழுவிவிடுவேன். இதைப் பற்றி அவளும் என்னிடம் பேசவில்லை, நானும் அவளிடம் பேசவில்லை. பேசினால் அவளுக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்துகொண்டு வேலியால் முட்டை கொடுத்தால் முறை கெட்டுவிடும். ஆகவே அவளுக்கு எதுவும் தெரியாது. இறாலும் இனி என் வாசலைத் தாண்டிப் போகவில்லை. என் புருஷனே கழுவி, கொஞ்சமாக மிளகாய் போட்டுக் காய்ச்சித் தருவார். அவருக்குச் சமைக்கத் தெரியும் என்பது இத்தனை காலம் எனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். பருப்பும் வைத்தேன், கடலையும் அவித்தேன், வாழைப்பழமும் உரித்தேன். ஒரு வாய்வும் வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கலியாண நேரத்தில் அக்காவும் தங்கச்சியும் கடப்பை அடைத்துவிட்டார்கள் என்று கதை பரவியது. சமாதானம் பேச ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மூத்தவ, நீங்கதான் விட்டுக் குடுக்கோணும்" என்று கண்கலங்கினாள். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "அவள்தான் கட்டினாள், அவளே அவிழ்க்கட்டும்" என்றேன். அப்போது என் அடுப்பில் முட்டை அவிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போனவர்களிடம் தங்கச்சியும், "அக்காட குணம் தெரியும்தானே" என்று பெருமூச்சு விட்டாளாம். அவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இதில் இன்னொன்றும் நடந்தது. கலியாண வீட்டில் எனக்கு ஆயிரம் வேலை. பலகாரத்துக்கு மா இடிப்பதா, சேலைகளுக்கு ஓரம் அடிப்பதா, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும்; சண்டை தங்கச்சியோடுதான், வேலை மகளுக்கு என்று கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். முன்பென்றால் கடப்பால் ஒரு கால் எடுத்து வைத்தால் அவள் குசினி. இப்போது என் வாசலால் இறங்கி, ஒழுங்கையைச் சுற்றி, பிள்ளையார் கோயில் மூலையைத் தாண்டி அவள் வாசலால் ஏறவேண்டும். மச்சம் தின்ற உடம்பு, அதுவும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான். அவள் குசினிக்குள் கரண்டி மறந்துபோய் வந்தால் திரும்ப அவ்வளவும் சுற்றிப் போகவேண்டும். முதல் நாட்களில் கோயில் மூலையில் குந்தி இளைப்பாறினேன். பிறகு நின்று இளைப்பாறினேன். பிறகு இளைப்பாற மறந்துபோனேன். டொக்டர் பிள்ளை சொன்ன நடை அப்படி நடந்து முடிந்தது.

மெஷினில் கால் நடுங்குவது நின்றது. மகளின் கூறைச் சட்டையைத் தைத்து முடித்தேன், கழுத்து வளைவு ஒரு நூல் பிசகவில்லை. காலையில் ஆற்றங்கரைக்குப் போய், தோணிகள் போன பிறகு, தண்ணீரைப் பார்த்துக் குரவை எடுத்துப் பார்ப்பேன். கம்பில் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள்தான் கேட்கிறவர்கள். முதலில் அதுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நான் கரையில் நின்று கைதட்டினேன்.

முட்டையால் வந்ததா, மீனால் வந்ததா, நடையால் வந்ததா, நாள் போகப் போகத் தானாகவே வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாம் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். ஆனால் கஞ்சித் தண்ணீரோடு மட்டும் கிடந்திருந்தால் வந்திருக்காது, அதை மட்டும் எங்கே வேண்டுமென்றாலும் சொல்வேன்.

கலியாணத்தன்று பந்தல் நிறைய ஆட்கள். காத்தான்குடி ராத்தாவும் முன்வரிசையில் இருந்தார். நான் மணவறைக்குப் பக்கத்தில், தங்கச்சி எனக்குப் பக்கத்தில். சண்டைக்காரச் சகோதரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை ஊர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. கன்னிக்காலன்று வந்த அந்தக் கீச்சுச் சத்தம் காதுக்குள்ளேயே நின்றது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். மகள் தலை குனியவில்லை. நிமிர்ந்தபடியே என்னைப் பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், கழுதை!

மூச்சை அடிவயிறு வரை இழுத்தேன். எடுத்தேன்.

போனது. அறாமல் போனது. மேளத்துக்கு மேலே ஏறியது, பந்தலைத் தாண்டியது. மகள் சிரித்துக்கொண்டே தலை குனிந்தாள், தாலி ஏறியது, முடிச்சு விழுந்தது, இன்னும் போய்க்கொண்டிருந்தது. மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு மூச்சு முடிந்த பிறகும் எனக்கு இருந்தது. நான் நிறுத்தியது மூச்சு முடிந்ததால் இல்லை, கண்ணீர் வாய்க்குள் வந்ததால்.

தங்கச்சியும் அழுதுகொண்டிருந்தாள். முகத்தை நேரே வைத்தபடி, ஊருக்குத் தெரியாமல், என் காதுக்குக் குனிந்தாள். அந்த வேலி கட்டிய நாளிலிருந்து அதைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"அக்கா, என்ட கோழியளுக்கும் ஒரு கலியாணச் சீல எடுத்துக் குடுக்கோணும்."

எல்லாரும் இரண்டாவது குரவைக்கு என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது.